பதிமூன்றாவது கவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ஒரு பொறியியல் கல்லூரியின் விளம்பரம். ‘எங்கள் மாணவர்களின் சராசரி ஊதியம்’ என்று கொட்டை எழுத்தில் லட்சங்களில் ஒரு தொகை, அதன் கீழே கோட்டு போட்ட பிள்ளைகளின் படங்கள். கலந்தாய்வு நெருங்குகிற மாதம் இது. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து மடித்து வைத்திருப்பார்கள். 2020-ல் நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். ‘சராசரிச் சம்பளம்’ என்ற சொல் என்ன செய்யும் என்பதை மேசையிலும் பார்த்தேன், வீட்டிலும் பார்த்தேன். அதைச் சொல்லி, தங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கவே இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். வங்கியிலிருந்து பணம் வந்ததும் கட்டிங் டேபிளில் கிடக்கும் பிட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு, சம்பளக் கவர்களைச் சின்னத் தொகையிலிருந்து பெரிய தொகை வரை வரிசையாக அடுக்குவேன். அப்படி அடுக்கினால் எத்தனை ஐநூறு வேண்டும், எத்தனை நூறு வேண்டும், சில்லறை எவ்வளவு என்று சீக்கிரம் பிடிபடும். யாருடைய கவராவது விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இதை ஒரு கணித முறை என்று நான் நினைத்ததே இல்லை. கைப்பழக்கம், அவ்வளவுதான்.

2016 தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக எங்கள் யூனிட்டில் இருந்த இருபத்தைந்து பேரின் மாதச் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசி வரியில் சராசரி: 19,020 ரூபாய். பேச்சின்போது முதலாளி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நம்ம கம்பெனியில சராசரிச் சம்பளமே பத்தொன்பதாயிரம் வருதுங்க. வேற எங்க இருக்குது?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கூட்டியதும் நான், வகுத்ததும் நான். கணக்கு சரியானதுதான்.

அன்று சாயங்காலம் செக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். “ஏனுங்கண்ணா, பத்தொன்பதாயிரம்னு சொன்னாங்களே, அது யாருக்குங்க வருது?”

சண்டைக்குக் கேட்ட மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபத்தைந்து காலி கவர்களை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சம்பளத்தைப் பென்சிலால் எழுதினேன். பெயர் எழுதவில்லை. சனிக்கிழமை அடுக்குவது போலவே டேபிளில் அடுக்கினேன். டெய்லர்களுக்குக் கையுதவி செய்கிற கைமடி ஐந்து பேர், ஆளுக்கு 9,500. செக்கிங், பேக்கிங்கில் ஒன்பது பேர், ஆளுக்கு 11,000. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் ஓட்டுகிற டெய்லர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 17,000. அப்புறம் கட்டிங் மாஸ்டர் 38,000, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் 60,000, மேனேஜர் 95,000.

“இந்தப் பக்கத்துல இருந்து எண்ணிக்கிட்டே வாங்க” என்றேன். விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தவர், பதிமூன்றாவது கவரில் நின்றார். அதற்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு கவர், அந்தப் பக்கமும் பன்னிரண்டு. அதில் எழுதியிருந்தது 11,000. “இது எங்க செக்கிங் சம்பளமுங்க” என்றார். அப்புறம் இரண்டு பேருமாக 19,020 எங்கே விழுகிறது என்று தேடினோம். டெய்லர்களின் கடைசிக் கவருக்கும் கட்டிங் மாஸ்டரின் கவருக்கும் நடுவில், கவரே இல்லாத வெறும் பலகையில் விழுந்தது. அந்தத் தொகையை வாங்குகிறவர் எங்கள் யூனிட்டில் ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு பேர் அதற்குக் கீழே, மூன்று பேர் மேலே.

அந்தப் பதிமூன்றாவது கவரைத்தான் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ‘இடைநிலை அளவு’ என்கிறது. அலுவலகப் பேச்சில் மீடியன். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடு ஆளைக் கேட்பது. ஆட்கள் இரட்டைப்படையில் இருந்தால் நடுவில் நிற்கிற இரண்டு பேரின் தொகையைக் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்வது. இதற்கு மேல் அதில் வித்தை எதுவும் இல்லை.

சராசரி ஏன் அவ்வளவு தள்ளிப் போனது? சம்பளத்துக்குக் கீழே தரை உண்டு, மேலே கூரை கிடையாது. கைமடிக்கு 9,500-க்கும் குறைத்துக் கொடுக்க ஓர் எல்லை இருக்கிறது. எப்படியும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மேனேஜருக்கு 95,000 என்பது ஒன்றரை லட்சமும் ஆகலாம், மூன்று லட்சமும் ஆகலாம். எங்கள் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் முன்பு பித்தளையை எடை போடுகிற தூக்குக்கோலைப் பார்த்திருக்கிறேன். கோலின் நுனியில் சின்னக் குண்டை மாட்டினாலே போதும், மொத்தக் கோலும் அந்தப் பக்கம் சாயும். எவ்வளவு தள்ளி மாட்டுகிறோமோ அவ்வளவு பலம். சராசரியில் மேனேஜரின் சம்பளம் செய்வது அதைத்தான். கவர் வரிசையில் அவரும் ஒரு கவர்தான். எவ்வளவு கனமாக இருந்தாலும் ஓர் இடத்துக்கு மேல் அடைக்காது.

மறு வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு மாதம் 25,000 ரூபாய் ஏற்றினார்கள். நல்ல வேலைக்காரர், கொடுத்தது நியாயம்தான். வேறு யாருக்கும் அந்த வருடம் ஏற்றவில்லை. ஆடிட் தாளில் நான் எழுதிய சராசரி 20,020 ஆனது. அதாவது ‘சராசரிச் சம்பளம் 5 சதவீதம் உயர்வு’. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கைமடிக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை. பதிமூன்றாவது கவரில் அதே 11,000-தான் இருந்தது. ஊதியம் உயர்ந்தது என்ற செய்தியை இப்போது எங்கே படித்தாலும் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவும் தெரிந்த நான், என் மகள் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்றைக்கும் மனதில் கிடந்து உறுத்துவது அதுதான்.

2020-ல் அவளைச் சேர்த்த கல்லூரியின் விளம்பரத்தில் சராசரி ஊதியம் 6.2 லட்சம் என்று இருந்தது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. பன்னிரண்டால் வகுத்தேன், மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்தது. என் மனைவியிடம் “வேலைக்குப் போய் மூணு வருஷத்துல கடனைக் கட்டிடுவா” என்று சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் அப்போது ஈடோ ஜாமீனோ இல்லாமல் கிடைத்த 4 லட்சம் கல்விக் கடனை முழுசாக எடுத்தோம். மேற்கொண்டு ஆனதற்கு மனைவியின் வளையல்கள் போயின.

நான்கு வருடம் கழித்து, அவள் படித்து முடித்தபோது, அவள் துறைக்கென்று கல்லூரி வெளியிட்ட அட்டையில் சராசரி 6.9 லட்சம். மகளுக்குக் கிடைத்தது 3.5 லட்சம். முதலில் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “எல்லாரும் ஏழு வாங்குறப்ப நான் மட்டும் பாதிதாம்ப்பா” என்றாள்.

அப்புறம் அவளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பட்டியல் போட்டார்கள். வகுப்பில் 58 பேர். வேலை கிடைத்தவர்கள் 41. அந்த 41 பேரில் இரண்டு பேருக்குத் தலா 44 லட்சம். ஒருவருக்கு 22 லட்சம், மூன்று பேருக்கு 12 லட்சம், ஐந்து பேருக்கு ஆறரை லட்சம். மீதி முப்பது பேருக்கும் 3.5 லட்சம். மொத்தமாக ஆள் எடுக்கிற கம்பெனிகள் எல்லோருக்கும் ஒரே தொகையைத்தானே எழுதித் தருகின்றன. கூட்டிப் பார்த்தால் 283.5 லட்சம். 41-ஆல் வகுத்தால் 6.9. கல்லூரி சொன்னது அச்சு அசல் சரி. அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டால் அதே சராசரி 5 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. எப்படி எண்ணினாலும் நடுவில் நிற்கிற இருபத்தொன்றாவது ஆளுக்கு 3.5 லட்சம்தான். வேலை கிடைக்காத பதினேழு பேரையும் வரிசையில் நிறுத்திப் பாருங்கள், நடுவில் அப்போதும் அதே 3.5 லட்சம். 6.9-ஐத் தாண்டியவர்கள் 41 பேரில் ஆறே பேர்.

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் மகள் முகம் தெளிந்தது. தான் பின்தங்கவில்லை, வகுப்பின் நடுவில்தான் நிற்கிறோம் என்று புரிந்தது. வேலைக்கு வரும் முன்பே ஒரு பெண் தன்னைப் பாதி என்று எண்ணிக் குறுகிப்போக, ஓர் அட்டையில் அச்சிட்ட ஒற்றை எண் போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். மூன்றரை லட்சம் என்பது கம்பெனி சொல்லும் மொத்தக் கணக்கு. பி.எப்.பும் மற்றதும் போகக் கைக்கு வருவது 23,800. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 9,500 போகிறது. கடன் தவணை 8,700. மீதி 5,600-ல் பஸ், போன், துணிமணி, தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வந்து போகிற செலவு எல்லாம். மூன்று வருடத்தில் முடியும் என்று நான் சொன்ன கடன் ஏழு வருடத்துக்கு ஓடும்.

நடு எண் முன்பே தெரிந்திருந்தால் அவளைப் படிக்க வைத்திருக்க மாட்டேனா? கண்டிப்பாகப் படிக்க வைத்திருப்பேன். ஆனால் கலந்தாய்வில் கைக்கு எட்டிய, கட்டணம் குறைவான இன்னொரு கல்லூரியைத் தள்ளியிருக்க மாட்டேன். கடனைப் பாதியில் நிறுத்தியிருப்பேன். வளையல் வீட்டில் இருந்திருக்கும். ஒரு குடும்பம் இந்த எண்ணை வைத்து எடுக்கிற முடிவுகள் இவைதான். விளம்பரத்தில் எந்த எண் வருகிறது என்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றாததற்குக் காரணமும் இதுதான்.

இதில் பெற்றோர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகம் கல்லூரிகளுக்குப் போடுகிற என்.ஐ.ஆர்.எப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதற்காகக் கல்லூரிகள் கொடுக்கிற விவரங்களில், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சராசரியைக் கேட்கவில்லை, இடைநிலையைத்தான் கேட்கிறார்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதும் அதே வரியில் இருக்கும். இந்தத் தரவரிசையில் பங்கேற்கிற கல்லூரிகளின் இணையதளத்திலேயே அந்தத் தாள்களைப் பார்க்கலாம். துறைவாரியாகப் பிரித்திருக்காது, நான்கு வருடப் படிப்பு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். கல்லூரியே எழுதிக் கொடுக்கிற எண் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் விளம்பரத்தில் உள்ள சராசரியையும் அந்தத் தாளில் உள்ள இடைநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகும். 2020-ல் இது எனக்குத் தெரியாது.

சட்டமும் நடு ஆளைத்தான் கேட்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 197-வது பிரிவின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பெனியும், தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும். 2014-ல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி போய், அந்த வருடம் இடைநிலை ஊதியம் எத்தனை சதவீதம் கூடியது என்பதையும் சொல்லச் சொல்கின்றன. எங்கள் யூனிட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தால், மேனேஜருக்கு ஏற்றிய வருடம் அந்தக் கட்டத்தில் நான் பூஜ்யம் என்றுதான் எழுதியிருக்க முடியும். தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடு என்று அந்த விதியே விளக்கம் தருகிறது. படித்தபோது எனக்குக் கட்டிங் டேபிள்தான் கண்ணில் வந்தது.

ஊர் அளவில் மட்டும் இல்லை, நாடு அளவிலும் இதே கதைதான். 2022-23-ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவு ஆய்வில், கிராமத்தில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று வந்தது. பெரும்பாலான செய்திகளில் இந்த இரண்டு எண்கள்தான் தலைப்பு. ஆனால் அதே அறிக்கை மக்களைச் செலவின்படி பன்னிரண்டு படிகளாகவும் பிரித்துக் காட்டியிருக்கிறது. கிராமத்தில் பாதியைத் தாண்டி நிற்கிற படி, அதாவது கீழிருந்து 50 முதல் 60 சதவீதம் வரை உள்ளவர்களின் செலவே 3,455 ரூபாய்தான். நகரத்தில் அதே படிக்கு 5,662. இரண்டு இடத்திலும் நடுவைத் தாண்டி நிற்கிற இந்தப் படிகூடச் சராசரியை எட்டவில்லை. கிராமத்தில் உச்சியில் உள்ள 5 சதவீதத்தினரின் செலவு 10,501, நகரத்தில் 20,824. தூக்குக்கோலின் நுனி அங்கே இருக்கிறது. இது செலவுக் கணக்கு, வருமானம் இல்லை. வருமானத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் செலவைவிட அதிகமாகவே இருக்கும், மிச்சம் பிடிக்க முடிகிறவர்கள் மேலே இருப்பவர்கள்தானே.

தனிநபர் வருமானம் இன்னொரு ரகம். 2022-23-க்குத் தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் 2.78 லட்சம் ரூபாய் என்று மாநிலப் பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. தேசிய அளவான 1.69 லட்சத்தைவிட மிக அதிகம், நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதைப் படித்த எங்கள் டீக்கடை நண்பர் ஒருவர், நான்கு பேர் உள்ள தன் வீட்டுக்குப் பதினோரு லட்சம் வர வேண்டுமே என்று உண்மையாகவே குழம்பினார். மாநிலத்தின் நிகர உற்பத்தி மதிப்பைத் தலைக்கு வகுத்த எண் அது. தொழிற்சாலைகளின் லாபமும் அதில் அடக்கம். யாருடைய சம்பளக் கவரையும் பிரித்துப் பார்த்து எழுதியது இல்லை. செய்தியில் அதற்கு ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் அவர் குழம்பியிருக்க மாட்டார்.

சராசரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியிலிருந்து எவ்வளவு பணம் எடுக்க வேண்டும் என்று முதலாளி கேட்டால் பதிமூன்றாவது கவர் உதவாது. சராசரியை ஆட்களால் பெருக்கினால்தான் மொத்தம் வரும். இடைநிலைக்கும் கண் எட்டாத இடம் உண்டு. கைமடிகளின் 9,500-ஐ 8,000 ஆக்கினாலும் நடுக் கவர் அசையாது. அதனால் கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கு என்ன வருகிறது என்பதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘அங்கே வேலை பார்க்கிற ஒருவருக்கு என்ன கிடைக்கும்?’ என்பது கேள்வி என்றால், அதற்குப் பதில் நடு ஆளிடம்தான் இருக்கிறது. மகளைச் சேர்க்கப் போன நான் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். எனக்குக் கிடைத்தது வேறு ஏதோ கேள்விக்கான பதில்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சம்பளம், வருமானம் பற்றிய செய்திகளில் சராசரியோடு இடைநிலை அளவும் கிடைக்கிறதா என்று நிருபர்கள் ஒரு தடவை கேட்க வேண்டும். கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். கல்லூரி விளம்பரங்களை வாங்கும்போது, சராசரி ஊதியம் போடுகிற கல்லூரி அதே அளவு எழுத்தில் இடைநிலை ஊதியத்தையும், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். விளம்பரம் தங்களுக்கு வருமானம் என்பது தெரியும். அதை நிறுத்தச் சொல்லவில்லை, மூன்று எண்கள் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என் தம்பி மகள் இந்த வருடம் கலந்தாய்வுக்குப் போகிறாள். அவள் விருப்பப் பட்டியலில் ஒன்பது கல்லூரிகள். பழைய சம்பள ரெஜிஸ்டரின் காலிப் பக்கத்தில் ஒன்பதின் பெயரையும் எழுதி, எதிரில் இடைநிலைச் சம்பளத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இதுவரை ஆறு கட்டம் நிரம்பியிருக்கிறது. மீதி மூன்று கல்லூரிகளுக்கு அடுத்த வாரம் தம்பியும் நானும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் முதல் பக்கத்தில் வந்த கல்லூரி அந்த மூன்றில் ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.